வெறுப்பையும் ஏற்ற நாயகன்

சிவாஜி கணேசன் என்றவுடன் கட்டபொம்மனும் வ.உ.சி.யும் அப்பரடிகளும் நினைவில் எழுவர். ‘நவராத்திரி’யின் (1964) ஒன்பது வேடங்களை வியவாதார் இல்லை. ஆயின், இவற்றுக்கெல்லாம் முன்னரே அவர் காட்டிய துணிவு ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை.

‘பராசக்தி’ (1952) அவரைத் தமிழகத்தின் நாயகனாக்கியது. கிடைத்த அன்பைக் காத்துக்கொள்ளவே எவரும் முனைவர். அவரோ மறு ஆண்டே ‘திரும்பிப் பார்’ படத்தில் பெண்களை வஞ்சிக்கும் பரந்தாமனாக வந்தார்.

1954-இல் எஸ்.பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டு ஒன்றுகூட இல்லாத படம். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டுக் கதை. தொடக்கத்திலேயே நாயகன் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அவனை அறிந்தோர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கல்வியும் அறிவும் மிக்க அந்த வானொலிப் பொறியாளன் நாட்டையே விற்கத் துணிந்தவன் என்பது புலனாகிறது. ‘பராசக்தி’யில் குணசேகரனை நல்வழிப்படுத்திய பண்டரிபாய்தான் இங்கே மனைவி உஷா, அவள் கைத்துப்பாக்கியே அவன் உயிரைக் குடிக்கிறது. ரசிகர்கள் அன்று இதனை ஏற்கவில்லை. படம் வசூலில் தோற்றது.

தோல்விக்குப் பின்னும் அவர் அஞ்சினாரல்லர். அண்ணாவின் நாவலிலிருந்து உருவான ‘ரங்கோன் ராதா’வில் (1956), சொத்துக்காக மனைவியைப் பித்தியாக்கும் கோட்டையூர் தர்மலிங்க முதலியார் அவரே. சிறுவர் நாடகக் குழுவில் சீதையாகவும் இந்திரஜித்தாகவும் மாறி மாறி வேடமிட்டு வளர்ந்தவருக்கு, நல்லவன் தீயவன் என்ற பேதம் கதைக்கு உரியது, நடிகனுக்கு உரியதன்று.