தூண்களும் துடுப்புகளும்

இராயபுரம் இரயில் நிலையத்தைப் படமெடுக்க வருவோர் அதன் உயர்ந்த தூண்களையே நாடி வருகின்றனர். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட வண்டியே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில். பம்பாயிலும் தானேயிலும் 1853-இலேயே இரயில் ஓடியது உண்மை. ஆயினும் அவற்றின் முதற் கட்டடங்கள் இன்றில்லை. பழுதுற்றுக் கிடந்த இராயபுரம் நிலையமோ 2005-இல் புதுப்பிக்கப்பட்டு, நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடமாகப் போற்றப்படுகிறது.

அதே 1856-இல்தான் சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. மதுரை, தஞ்சைக் கோயில்களை அவர் எடுத்த படங்கள் அரிய வரலாற்றுச் சான்றுகள். அன்றைய கருவியின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். கல் அசையாது நின்றது, பதிவாயிற்று. அசைந்த மனிதர் மங்கினர், அல்லது மறைந்தே போயினர்.

இராயபுரத்தின் கதையோ அசைந்தவர்களின் கதை. துறைமுகமற்ற அந்நாளில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிடும். பயணியரையும் சரக்கையும் அலைகளினூடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியடித்த படகு அவ்வலையில் உடைந்துவிடும். ஆதலால் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தனர். அலை மோதுகையில் படகு வளைந்து கொடுத்தது. அதைச் செலுத்தியோருள் பலர் நம் விசுவாசத்தினர். அவர்களது வியர்வையில் 1829-இல் எழுந்ததே புனித இராயப்பர் ஆலயம்.

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தபோதும் பணி மீண்டும் தொடர்ந்தது. கப்பல்கள் கரையையே அணையத் தொடங்கியதும் மசூலாப் படகுகளுக்கு வேலையில்லாது போயிற்று.

நீர்வழியின் கதையும் இதுவே. 1806-இல் பேசில் காக்ரேன் எண்ணூர் நோக்கித் தொடங்கிய கால்வாயே பின்னாளில் பக்கிங்காம் கால்வாயாக விரிந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78-இல் வெட்டியவர்கள் தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள். ஒரு கவர்னரின் பட்டப்பெயர் கால்வாய்க்குக் கிடைத்தது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. இன்று நகருக்குள் அதில் சரக்குப் படகு இல்லை, சாக்கடையே ஓடுகிறது.

தூண்களைப் படமெடுப்பது நற்பணியே. படங்கள் மக்கள் கண்ணைத் திறந்தால் கட்டடங்கள் பிழைக்கும். ஆயினும் சுண்ணாம்பு பூசி மனிதரைப் புதுப்பிக்க இயலாது. நம் இல்லங்களில் தாத்தா படகருகே நின்ற படமோ, ஆலயத் திருவிழாப் படமோ இருக்கலாம். அதன் பின்புறம் பெயரையும் ஆண்டையும் தொழிலையும் இன்றே எழுதிவைப்போம். அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுவோம்.

ஆண்டவர் இராயப்பரைத் தேடிச் சென்ற இடம் மாளிகை அன்று. படகும் வலையும் கிடந்த கரை. அங்கே அவரைப் பெயர் சொல்லி அறிந்தார். அவ்வாறே அறிவது நம் கடமையும் அன்றோ?