டூ (ஆங்கில வினைச்சொல்)

டூ என்பது ஆங்கில மொழியில் மிகுதியாகப் பயன்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். "செய்" என்பது இதன் முதன்மைப் பொருள். இறந்தகாலத்தில் டிட் எனவும், படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் டஸ் எனவும், இறந்தகால எச்ச வடிவில் டன் எனவும் இச்சொல் உருமாறும். பொருளுடைய முழு வினையாக நிற்பதோடு, தனக்கெனப் பொருள் ஏதுமின்றி வினாத் தொடரையும் எதிர்மறைத் தொடரையும் தாங்கும் துணைவினையாகவும் இது வருகின்றது. "நீ அறிவாயா?" என்பதை ஆங்கிலத்தில் "டூ யூ நோ?" என்றும், "நான் அறியேன்" என்பதை "ஐ டூ நாட் நோ" என்றும் கூற வேண்டும். இவ்விரண்டிலும் "செய்தல்" என்ற கருத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலம் கற்போரை மிகவும் தடுமாற வைக்கும் இப்பயன்பாடு அம்மொழியில் தொடக்கம் முதல் இருந்ததன்று. ஏறத்தாழ 1300 முதல் 1700 வரையிலான காலத்தில் படிப்படியாக உருவானதாகும்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் டோன் என்பதாகும். ஜெர்மன் மொழியின் டுன், டச்சு மொழியின் டூன் ஆகியவை இதன் உடன்பிறப்புச் சொற்கள். எனினும் சுவீடியம், டேனியம் முதலிய வட ஜெர்மானிய மொழிகளில் இவ்வினை இல்லை. அவை "செய்" என்பதற்கு வேறொரு வேரிலிருந்து வந்த சொல்லை ஆள்கின்றன.

இதற்கும் பின்னே சென்றால், முந்து இந்தோ-ஐரோப்பிய மொழியின் "தே" என்று தோராயமாக எழுதத்தக்க ஒரு வேர்ச்சொல்லை மொழியியலாளர் மீட்டுருவாக்குகின்றனர். அதன் பொருள் "செய்" அன்று. "வை", "இடு" என்பதே. கிரேக்கத்தில் இப்பழம்பொருள் அப்படியே நிலைத்தது. ஆய்வேட்டைக் குறிக்கும் தீசிஸ் என்னும் சொல் "முன்வைக்கப்பட்டது" என்னும் கருத்தில் அவ்வேரிலிருந்து பிறந்ததாகும். இலத்தீனில் ஆங்கிலத்தைப் போலவே பொருள் "செய்" என மாறியது. ஃபாக்ட், ஃபாக்டரி முதலிய சொற்கள் இலத்தீன் கிளையிலிருந்து வந்தவை. ஆகவே ஃபாக்டரியும் டூவும் தொலைவான உறவினர் எனலாம்.

சமற்கிருதத்தில் இவ்வேர் "தா" என வழங்குகிறது. "கொடு" எனப் பொருள்படும் "தா" வேறு, "வை" எனப் பொருள்படும் இந்தத் "தா" வேறு. தமிழ் வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் "செய்" என்னும் சொல்லுக்கும் டூவுக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. ஆயினும் சமற்கிருதத்திலிருந்து தமிழ் கடன்பெற்ற நிதி, விதி, சந்தி, சமாதி ஆகிய சொற்கள் இவ்வேரிலிருந்து தோன்றியவையே. நிதி என்பது உள்ளே வைக்கப்பட்டது; சந்தி என்பது சேர்த்து வைத்தல். "சிரத்தை" என்னும் சொல்லும் இத்தகையதே. நம்பிக்கை வைத்தலைக் குறித்த ஒரு பழங்கூட்டுச்சொல் இந்தியாவில் சிரத்தையாகவும், இலத்தீன் வழியே ஐரோப்பாவில் கிரெடிட் என்றும் ஆயிற்று. நாம் இன்றும் ஒருவர் மீது நம்பிக்கையை "வைக்கிறோம்" என்பது நினைக்கத்தக்கது. சமற்கிருத இலக்கணத்தில் வினைவேரைக் குறிக்கும் "தாது" என்ற கலைச்சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததாகும்.

"வை" என்பது "செய்" என எவ்வாறு மாறும் என்ற ஐயம் எழலாம். தமிழில் "அழ வைத்தான்" என்றாலும் "அழச் செய்தான்" என்றாலும் பொருள் ஒன்றே. இரு கருத்துகளும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஆங்கிலத்துக்குள்ளேயே இச்சொல்லுக்குப் பெரிய குடும்பம் உண்டு. "செயல்" எனப் பொருள்படும் டீட், "தீர்ப்பு" எனப் பொருள்பட்டுப் பின்னர் "அழிவு" எனத் திரிந்த டூம், "கருது" எனப் பொருள்படும் டீம் ஆகிய மூன்றும் இவ்வேரின. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் ஆணையிட்டு 1086 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நில அளவைப் பதிவேட்டுக்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்ற பெயர் பின்னர் ஏற்பட்டது. அதில் உள்ளது மேல்முறையீடற்றது, இறுதித் தீர்ப்பு நாளைப் போன்றது என்பதே அப்பெயரின் கருத்து. கிங்டம், ஃபிரீடம், விஸ்டம் ஆகியவற்றின் ஈற்றில் வரும் "டம்" என்பதும் டூம் என்பதன் தேய்ந்த வடிவமே. ஆடை அணிதலைக் குறிக்கும் டான், களைதலைக் குறிக்கும் டாஃப் ஆகியவை முறையே "டூ ஆன்", "டூ ஆஃப்" என்பவற்றின் சுருக்கங்கள். ஆரவாரத்தைக் குறிக்கும் "அடூ" என்பது "அட் டூ" என்பதிலிருந்து வந்தது.

இன்னொரு கருத்தும் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தின் ஒழுங்கான வினைகள் இறந்தகாலத்தில் பெறும் "-எட்" என்ற விகுதியே, முன்னொரு காலத்தில் வினையின் பின் ஒட்டிக்கொண்ட "டிட்" என்னும் வடிவத்தின் எச்சம் என்று பல அறிஞர் கருதுகின்றனர். கோதிக் மொழியின் பன்மை வடிவங்கள் இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகின்றன. எல்லாரும் இதனை ஏற்கவில்லை. இது சரியாயின், "வாக்ட்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் "நடத்தலைச் செய்தேன்" என்றே ஆங்கிலேயர் கூறுகின்றனர் எனக் கொள்ளலாம்.

முழு வினையாக

"என்ன செய்கிறாய்?" என்ற பொதுப் பொருளிலிருந்து டூ பல திசைகளில் கிளைக்கின்றது. பாத்திரங்களை டூ செய்தல் கழுவுதல். தலைமுடியை டூ செய்தல் ஒப்பனை. கணக்கை டூ செய்தல் தீர்வு காணுதல். காலத்தை டூ செய்தல் என்றால் சிறைத் தண்டனை அனுபவித்தல் என்று பொருள். "டூ இன்" என்றால் கொல்லுதல், "டூ வித்தவுட்" என்றால் ஒன்றில்லாமல் சமாளித்தல். "தட் வில் டூ" என்பது "இது போதும்" என்னும் பொருளது. செயப்படுபொருள் எதுவோ அதற்கேற்ற செயலைக் கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார் என்பதால், அகராதியில் இப்பொருள்களுக்கு முடிவு காண்பது அரிது.

கற்போருக்குச் சிக்கலானது டூவுக்கும் மேக் என்னும் வினைக்கும் உள்ள வேறுபாடாகும். செயலில் ஈடுபடுதலுக்கு டூவும், ஒன்றை உண்டாக்குதலுக்கு மேக்கும் வரும் என்பது பொதுவிதி. தமிழில் இரண்டுக்கும் "செய்" போதும். "தவறு செய்தான்" என்பதை மனத்தில் கொண்டு "டிட் எ மிஸ்டேக்" என நம்மவர் எழுதுவது இதனாலேயே. "மேட் எ மிஸ்டேக்" என்பதே ஆங்கில வழக்கு. ஆனால் பொதுவிதியும் எங்கும் பொருந்துவதில்லை. முயற்சியை மேக் செய்ய வேண்டும், இயன்றதை டூ செய்ய வேண்டும் என்பதற்கு வழக்கைத் தவிர வேறு காரணம் கூறுவது கடினம்.

டூ வேறு எவ்வினைக்கும் பதிலியாக நிற்கும். "அவள் பாடினாள், நானும் அவ்வாறே" என்பதை "ஸோ டிட் ஐ" என முடிக்கலாம். தமிழ் இலக்கணம் இதே உத்தியை வேறொரு வகையில் ஆள்கின்றது. செய்து, செய்யா, செய என்னும் வாய்பாடுகளில் "செய்" என்பது எல்லா வினைகளுக்கும் பதிலாக நிற்கிறது. அரபு இலக்கணமும் "செய்" எனப் பொருள்படும் வினையையே வாய்பாடாகக் கொண்டுள்ளது.

துணைவினையாக

பழைய ஆங்கிலத்தில் வினா அமைக்க வினையை எழுவாய்க்கு முன் கொண்டுவந்தால் போதும், "அறிவாய் நீ?" என்பது போன்ற அமைப்பு. எதிர்மறைக்கு ஒரு மறுப்புச் சொல் போதும். பிற்காலத்தில் "ஐ நோ நாட்" என்ற வடிவம் வழக்கில் இருந்தது. ஜெர்மன் மொழி இன்றும் இவ்வாறே இயங்குகின்றது.

துணைவினை டூ எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுவீடிய அறிஞர் ஆல்வர் எல்லெகார்டு 1953 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. இடைக்கால ஆங்கிலத்தில் டூ பிறவினைப் பொருளில், அதாவது "செய்வி" என்ற பொருளில் வழங்கியது. "அரசன் டிட் கட்டு கோயில்" என்பது போன்ற தொடருக்கு "அரசன் கோயிலைக் கட்டுவித்தான்" என்று பொருள். ஆனால் அரசர் எவரும் தாமே கல் சுமப்பதில்லை. கட்டுவித்தான் என்றாலும் கட்டினான் என்றாலும் கேட்பவருக்கு ஒன்றுதான்; இராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான் என்று நாம் தயக்கமின்றிக் கூறுவதைப் போல. இத்தகைய ஐயத்துக்கிடமான தொடர்களில் டூவின் பொருள் கரைந்து, வெறும் காலங்காட்டியாக அது எஞ்சியது என்பது எல்லெகார்டின் விளக்கம். செய்யுளில் இது பெரிதும் பயன்பட்டது. டூவைச் சேர்த்தால் அசை ஒன்று கூடும். முதன்மை வினையை அடியின் இறுதிக்குத் தள்ளி எதுகை அமைக்கவும் இயலும்.

மற்றொரு கொள்கை, வெல்சு, கோர்னியம் ஆகிய கெல்டிய மொழிகளில் "செய்" வினை இவ்வாறே துணையாக வருவதைச் சுட்டி, அவற்றின் தாக்கமே காரணம் என்கிறது. ஆங்கிலேயரும் கெல்டியரும் நெருங்கிப் பழகத் தொடங்கியது ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில். இப்பயன்பாடு எழுத்தில் தென்படுவதோ பதின்மூன்றாம் நூற்றாண்டில். இவ்வளவு நீண்ட இடைவெளி இக்கொள்கைக்கு வலுவான தடையாகும். பேச்சு வழக்கு எழுத்தில் பதிவாகவில்லை என்பது ஆதரவாளர் தரும் விடை.

தோற்றம் எதுவாயினும், பரவிய காலம் பெரும்பாலும் பதினாறாம் நூற்றாண்டே. வினாத் தொடர்களில் முதலில் வேரூன்றியது, எதிர்மறை பின்தொடர்ந்தது. சாதாரண உடன்பாட்டுத் தொடர்களிலும் அழுத்தமின்றி டூ வந்தது. ஆனால் அந்நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் அங்கு மட்டும் அது தேய்ந்தது. சேக்சுபியர் (1564–1616) நாடகங்களில் டூ உள்ள வினாவும் இல்லாத வினாவும் அருகருகே காணப்படும். 1755 இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் சான்சன், உடன்பாட்டுத் தொடரில் தேவையின்றி டூ சேர்ப்பது குறைபாடுள்ள வழக்காகக் கருதப்படுகிறது என்று எழுதினார். அதே டூவை வினாவிலிருந்து நீக்குவதுதான் இன்று பிழை. இலக்கண விதிகள் எவ்வளவு தற்செயலானவை என்பதை இதில் காணலாம்.

வினாவில் ஏன் நிலைத்தது என்பதற்கு ஓரளவு தெளிவான காரணம் உண்டு. ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை இழந்தபின், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற சொல்வரிசையே பொருளை உணர்த்தலாயிற்று. வினையை முன்னே நகர்த்தினால் அவ்வரிசை குலையும். டூவை முன்னே அனுப்பினால், முதன்மை வினை தன் இடத்திலேயே இருக்கலாம். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது இது. துண்டு பயணம் செய்வதில்லை, ஆனால் இடம் உறுதியாகிறது.

நம் மாணவர் செய்யும் "ஐ டிட் நாட் வென்ட்" என்ற பிழைக்கும் விளக்கம் இங்கேயே உள்ளது. காலத்தையும் எண்ணையும் டூவே ஏற்றுக்கொள்வதால், முதன்மை வினை வெறும் பகுதியாக நிற்க வேண்டும். "டிட்" என்றவுடன் இறந்தகாலம் சொல்லப்பட்டுவிட்டது. "வென்ட்" என மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே செய்தியை இருமுறை பதிவதே இப்பிழையாகும். ஒவ்வொரு வினையின் இறந்தகால வடிவத்தையும் மனப்பாடம் செய்த மாணவரே இங்கு அதிகம் தவறுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. பள்ளி இலக்கண நூல்கள் விதியைத் தருகின்றன, காரணத்தைத் தருவதில்லை.

பீ, கேன், வில் போன்ற வினைகள் டூவை ஏற்பதில்லை. தாமே முன்னே நகர்கின்றன. ஹாவ் இரண்டுங்கெட்டான்: "ஹாவ் யூ" எனத் தொடங்கும் பழைய பிரித்தானிய வழக்கை "டூ யூ ஹாவ்" பெரிதும் அகற்றிவிட்டது. ஏவல் எதிர்மறையில் பீ கூட டூவை ஏற்கும். டூ இல்லாத பழைய எதிர்மறை முற்றிலும் மறையவில்லை. மேடைப் பேச்சுக்குக் கம்பீரம் தரும் உத்தியாக வாழ்கிறது. 1961 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தம் பதவியேற்பு உரையின் புகழ்பெற்ற தொடரை இவ்வாறே அமைத்தார். அயர்லாந்து ஆங்கிலத்தில் வழக்கமாக நிகழ்வதைக் குறிக்க டூவும் பீயும் இணைந்து வருவதுண்டு.

உடன்பாட்டுத் தொடரில் இன்று எஞ்சியிருப்பது வலியுறுத்தும் டூ ஆகும். மழை பெய்யவில்லை என்று ஒருவர் கூற, "இட் டிட் ரெயின்" என மறுக்கலாம். தமிழில் இதற்கு நிகரானது "மழை பெய்யத்தான் செய்தது" என்பதாகும். இங்குள்ள "செய்தது" எச்செயலையும் குறிக்கவில்லை. காலத்தையும் பாலையும் மட்டுமே தாங்குகின்றது. உறவில்லாத இரு மொழிகள் ஒரே வினையை ஒரே பணிக்கு அமர்த்தியுள்ளன. "போன் பண்ணு", "டிரை பண்ணு" எனப் பேச்சுத் தமிழ் ஆங்கிலச் சொற்களை உள்வாங்குவதும் இவ்வகைப்பட்டதே. பொருள் கடன்சொல்லில், இலக்கணம் "பண்ணு" என்பதில்.

நிரல்மொழிகளில்

1957 இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழற்சிக்கு டூ என்பதே குறிச்சொல். அம்மொழி சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பொருட்படுத்தாது. ஆகவே "டூ 10 ஐ = 1, 10" என எழுத வேண்டிய இடத்தில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்தால், சுழற்சி மறைந்து "டூ10ஐ" என்ற மாறிக்கு 1.10 என்ற மதிப்பளிக்கும் கட்டளை ஆகிவிடும்; பிழைச்செய்தியும் வராது. சி மொழியில் டூ எனத் தொடங்கும் சுழற்சி, நிபந்தனையைச் சோதிக்கும் முன் ஒருமுறையாவது இயங்கும். அல்கால் 68 மொழியில் தொகுதியை முடிக்கத் தொடக்கச்சொல்லைத் தலைகீழாக எழுதும் வழக்கம் இருந்ததால், டூவுக்கு முடிவு "ஓடி" ஆயிற்று. இம்மொழியில் பழகிய ஸ்டீவன் போர்ன், யூனிக்சு இயங்குதளத்துக்குத் தம் ஷெல்லை எழுதியபோது அவ்வழக்கத்தைப் பின்பற்றினார். ஆனால் "ஓடி" என்ற பெயரில் ஒரு யூனிக்சு கட்டளை ஏற்கெனவே இருந்தமையால், டூவில் தொடங்கும் சுழற்சியை "டன்" என முடித்தார்.