பெட்டிக்கேற்ற ஆம்ப்ளிஃபையர்

திருமயம் என்றதும் 1687இல் கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டையே பலருக்கும் நினைவில் எழும். அக்கோட்டைக் குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்து அமைந்த இரு குடைவரைகள் உண்டு. அவற்றுள் சத்தியகிரீசுவரர் குடைவரையின் சுவரில் இசைக் கல்வெட்டொன்று இருந்தது என்பதை அறிந்தோர் குறைவு. இறந்த காலத்தில் சொல்லக் காரணம் உண்டு. அதன் பெரும்பகுதி செதுக்கி அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் 13ஆம் நூற்றாண்டின் பாண்டியர் காலக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. எஞ்சிய சில சொற்களைக் கொண்டே அங்கு எழுதப்பட்டிருந்தது இசை என்று நாம் அறிகிறோம்.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டு நற்பேறாகத் தப்பியது. ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகளைத் தரும் அக்கல்வெட்டின் இறுதியில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருள்பட ஒரு தமிழ் வரி உண்டு. நரம்புகளின் எண்ணிக்கையால் வேறுபட்ட இருவகை இசைக்கருவிகளை அது சுட்டுவதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து சரியெனில், இசையை எழுதிவைத்தவர் அது எக்கருவிக்குப் பொருந்தும் என்பதையும் உடன் எழுதிவைத்தார் என்றாகிறது. பொருத்தம் பற்றிய இக்கவலை இசைக்குப் புதிதன்று. அண்மைக் காலத்தில் அது நம் வீட்டுக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

திருமயம், புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட ஊர். கடல் கடந்து பொருளீட்டிய குடும்பங்கள் பல வாழ்ந்த பகுதியின் விளிம்பில் இருப்பது. 1970களிலும் 80களிலும் அயல்நாட்டு மின்னணுக் கருவிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியோரின் பயணச் சுமைகளில் ஜப்பானிய ஸ்டீரியோக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரமாகச் சென்னையில் 1969இல் உருவான பர்மா பஜார் மற்றொரு வழி. உள்நாட்டிலும் 1970இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சோனோடைன் போன்ற நிறுவனங்கள் தரமான கருவிகளைச் செய்தன. இவ்வாறு வந்தவற்றுள் இன்று ஆம்ப்ளிஃபையர் ஊமையாகி, ஸ்பீக்கர்கள் மட்டும் நலமாக இருக்கும் வீடுகள் பல. மின்தேக்கிகள் வறண்டுபோவதால் ஆம்ப்ளிஃபையர் முதலில் ஓய்வது இயல்பே.

அப்போது எழும் கேள்வி, இருக்கும் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையரைத் தேடுவது என்பது. முகப்பில் எழுதிய வாட் எண்ணைப் பார்த்து வாங்குவோர் உண்டு. அதே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்குவோரும் உண்டு. இவ்விரு வழிகளும் ஏன் போதா என்பதை, இக்கருவிகள் வளர்ந்த வரலாறே தெளிவாகச் சொல்லும்.

இன்று நாம் அறிந்த கூம்புத்தாள் ஸ்பீக்கரின் அடிப்படையை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் வெளியிட்டனர். அக்கால வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் தந்த ஆற்றல் மிகச் சிறிது. ஆகவே சிறு ஆற்றலைப் பேரொலியாக்கும் பெரிய பெட்டிகளும் கொம்பு வடிவங்களும் தேவைப்பட்டன. பால் கிளிப்ஷ் 1946இல் விற்பனைக்குக் கொணர்ந்த மூலைக்கொம்பு ஸ்பீக்கர் இவ்வழியின் உச்சம். 1947இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபையர் வடிவமும் ஏறத்தாழ 15 வாட் ஆற்றலே தந்தது. அன்றைய ஸ்பீக்கர்களுக்கு அது தாராளம்.

1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்சர் இந்தக் கணக்கை மாற்றினார். காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, ஆழ்ந்த தாழ்சுருதியை அவர் பெற்றார். புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து தவிலின் அடியோசை வரத்தொடங்கியது இதன் பின்னரே. ஆனால் இதற்கொரு விலை இருந்தது: இத்தகைய பெட்டிகள் ஆற்றலைப் பெருமளவில் உண்டன. இங்கு ஒரு சிறு கணக்கை மனத்தில் இருத்துவது நன்று. உணர்திறனில் 3 டெசிபல் குறைந்தால் அதே ஒலியளவுக்கு இருமடங்கு ஆற்றல் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு வேண்டும். 93 டெசிபல் உணர்திறன் உடைய பெட்டி 5 வாட்டில் தருவதை, 83 டெசிபல் பெட்டியிடம் பெற 50 வாட் செலவாகும். பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு ஸ்பீக்கர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1960களில் டிரான்ஸிஸ்டர் வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபையரில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டு. அதில் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு உரிய முனையில் இணைத்தால் போதும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கைவிட்டன. அதனால் எடையும் விலையும் குறைந்தன. பொருத்தம் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது. 8 ஓமுக்கெனச் செய்த பழைய டிரான்ஸிஸ்டர் கருவியில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் மின்னோட்டம் இருமடங்காகும்; வெப்பம் தாளாமல் அது கருகக்கூடும். வால்வுக் கருவிக்கோ நேர்மாறான ஆபத்து: ஸ்பீக்கரை இணைக்காமல் ஒலியை ஏற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகும்.

நிறுவனத்தின் பெயர் ஒன்றே பொருத்தத்துக்கு உறுதியாகாது என்பதற்கு இங்கிலாந்தின் குவாட் நல்ல சான்று. பீட்டர் வாக்கர் 1957இல் வெளியிட்ட நிலைமின் ஸ்பீக்கருக்கு, அந்நிறுவனத்தின் 15 வாட் வால்வுக் கருவி இயல்பான துணையாக இருந்தது. 1967இல் வந்த 45 வாட் 303 டிரான்ஸிஸ்டர் கருவியும் அதனுடன் இசைந்து சென்றது. 1975இல் வந்த 405 கருவியின் ஆற்றல் 100 வாட். பழைய நிலைமின் ஸ்பீக்கரை அது காயப்படுத்தாதிருக்க, மின்னழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்தும் அமைப்பு தேவைப்பட்டது. ஒரே நிறுவனத்தின் இளைய பிள்ளைக்கே மூத்ததுடன் பழகக் கடிவாளம் வேண்டியிருந்தது.

வாட் எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. கணநேர உச்சத்தை முழு ஆற்றலாக விளம்பரப்படுத்தும் வழக்கம் பரவியதால், 1974இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிப்பிட வேண்டுமென விதி வகுத்தது. அவ்விதிக்கு உட்படாத சந்தைகளுக்கான கருவிகளில், முகப்பில் பொறித்த பெரிய எண் பெரும்பாலும் அலங்காரமே.

இவ்வரலாற்றிலிருந்து தேடும் வரிசை தானே அமைகிறது. முதலில் ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஓம் அளவு அங்கிருக்கும். தாள் கிழிந்திருந்தால் மல்டிமீட்டரால் அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 எனக் காட்டும். அடுத்து உணர்திறன், அதன்பின் அறையின் அளவு. சிறு அறையில் 90 டெசிபல் பெட்டிக்கு 20 அல்லது 30 மெய்யான வாட் போதும். தேவையினும் மிகச் சிறிய கருவியை எல்லை மீறி முறுக்குவதும் தீங்கே. அலையின் முனைகள் வெட்டுண்டு, உயர்சுருதி ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகும். ஸ்பீக்கரின் விளிம்பு நுரையால் ஆனதாயின், நம் வெப்பத்தில் அது பொடிந்திருக்கிறதா என்றும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் ஆனவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்நொடியே அவற்றின் கதை முடியும்.

இத்தனை கவலையும் ஒரு மரப்பெட்டிக்காகவா என்று கேட்கலாம். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவந்தோர் இக்கேள்வியை எளிதில் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டின் பொருள் துணையற்றுப்போனால் எங்கு போய்ச் சேரும் என்பதை அத்தெரு காட்டுகிறது. பழுதான ஆம்ப்ளிஃபையரைத் திறந்து மின்தேக்கிகளை மாற்றுவோர் சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்ப் பட்டறைகளிலும் இன்னும் உள்ளனர். ஆகவே மாற்றுத் தேடும் முன் அவர்களிடம் ஒருமுறை காட்டுவது முறை. கருகிய பழைய கூம்புக்கோ அதே வார்ப்பில் மற்றொன்று பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. ஆம்ப்ளிஃபையர் வந்துபோகலாம், குரலின் நிறம் பெட்டியில் இருக்கிறது.

விலை பேசும் முன், பெட்டிகளையே கடைக்குத் தூக்கிச் செல்வது நல்லது. கூடவே நன்கு பழகிய பதிவொன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியாயின் மிகவும் நன்று. தாழ்ந்த ஒலியளவில் கேளுங்கள். நாகசுரம் கூசாமலும் தவில் குழையாமலும் ஒலித்தால், முகப்பில் எந்த எண் இருந்தாலும் அந்த ஆம்ப்ளிஃபையரை வாங்கலாம்.