மைக்கில் சத்தமே வரலையா, இல்ல 'ஊம்ம்ம்'னு இரையுதா? புதுசா பாட்காஸ்ட் தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

மைக் வாங்கியாச்சு, சின்னதா ஒரு மிக்சரும் வந்தாச்சு. ஹெட்போனை மாட்டிப் பேசினால் சத்தமே வராது. வந்தாலும் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். மைக் பழுது என்று முடிவு கட்டி, பலரும் அடுத்த மைக்கை ஆர்டர் போடுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் தப்பு மைக்கில் இருக்காது. ஒரு கேபிளிலோ, பட்டனிலோ, நாபிலோ இருக்கும்.

மைக், கேபிள், மிக்சர், யுஎஸ்பி, கணினி... உங்கள் குரல் போகும் பாதை இதுதான். முதலில் ஹெட்போனை மிக்சரிலேயே செருகிக் கேளுங்கள். குரல் அங்கே சரியாகக் கேட்டால் பிரச்சினை கணினி பக்கம். கேட்கவில்லை என்றால் மிக்சருக்கு இந்தப் பக்கம். பாதித் தேடல் இதிலேயே முடிந்துவிடும்.

சத்தமே வரலைன்னா?

உங்கள் மைக் எந்த வகை என்று பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். மிக்சரில் 'பேன்டம்' அல்லது '48' என்று எழுதிய பட்டன் அதற்குத்தான். அதை அழுத்தாவிட்டால் அந்த மைக் வெறும் பொம்மை. ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. பட்டனைப் போடும் முன் வால்யூமை இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தம் காதைப் பதம் பார்க்கும்.

மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளை மைக் இன்புட்டில்தான் செருக வேண்டும். பக்கத்தில் இருக்கும் லைன் இன்புட்டில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லிசாகத்தான் கேட்கும். போனில் நேரடியாகச் செருகும் காலர் மைக் என்றால் பின்னை உற்றுப் பாருங்கள். போனுக்கான பின்னில் 3 வளையம் இருக்கும். கேமராவுக்கான பின்னில் 2 வளையம்தான். இரண்டும் மாறிப்போனால் மைக் வேலை செய்யாது.

கணினி பக்கம் ஒரு வேடிக்கை நடக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மைக் வாங்கியிருப்போம், பதிவு என்னவோ லேப்டாப்பின் சொந்த மைக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு லேப்டாப்பைத் தட்டுங்கள். எது பலமாகப் பதிவாகிறதோ அதுதான் உங்கள் மைக்! செட்டிங்ஸில் இன்புட்டை மாற்றுங்கள். மைக்கைப் பயன்படுத்த அந்த மென்பொருளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கெயின் வேற, வால்யூம் வேற

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கெயின். கீழே இருக்கும் ஃபேடர், அப்படிப் பெருக்கியதில் எவ்வளவை வெளியே விடுவது என்பதற்கு. கெயினைக் குறைத்து வைத்துவிட்டு ஃபேடரை உச்சத்துக்கு ஏற்றினால் குரலோடு 'ஸ்ஸ்ஸ்' சத்தமும் சேர்ந்து ஏறும்.

ஃபேடரை 0 என்ற கோட்டில் வையுங்கள். நிகழ்ச்சியில் பேசுவது போலவே பேசி, ஒருமுறை வாய்விட்டுச் சிரியுங்கள். மென்பொருளின் மீட்டர் அதிகபட்சமாக மைனஸ் 12 டெசிபலைத் தொட்டு இறங்கும்படி கெயினை வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் குரலின் மேல்பகுதி வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். அப்படி உடைந்துபோன குரலை எந்த எடிட்டராலும் முழுசாக மீட்க முடியாது. சத்தம் குறைவான பதிவையாவது பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஷ்யூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு சுமார் 60 டெசிபல் கெயின் வேண்டும். மலிவான மிக்சர்கள் அங்கே திணறும். யூடியூபில் பார்த்தேன் என்பதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள். செலவில்லாத வழி, மைக்குக்குப் பக்கத்தில் வருவது. வாய்க்கும் மைக்குக்கும் நான்கைந்து விரல் தூரம் போதும். நேராக ஊதுவது போல் இல்லாமல் சற்றுச் சாய்வாகப் பேசினால் 'ப', 'ஹ' வெடிக்காது.

'ஊம்ம்ம்' எங்கிருந்து வருது?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த குரலில் ஒரே மாதிரி வரும் ரீங்காரம் பெரும்பாலும் அதன் வேலைதான். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு எர்த் இணைப்பில். மிக்சர், லேப்டாப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். மைக் கேபிளும் கரன்ட் வயரும் பக்கம் பக்கமாகப் போகாமல் தள்ளி வையுங்கள். அப்படியும் போகலைன்னா பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யலாம்.

இரைச்சல் போவதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மிக்சரின் உலோகப் பெட்டியில் மின்கசிவு வந்தால் உங்களைக் காப்பாற்ற இருப்பதே அந்த ஒரு பின்தான்.

ஆன்லைன் விருந்தினருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால், கணினியிலிருந்து மிக்சருக்கு வரும் ஒலி மறுபடியும் கணினிக்கே போகிறது. அந்த ஒலியை ஹெட்போனுக்கு மட்டும் போகும்படி மாற்றுங்கள். உங்களுக்கே உங்கள் குரல் இரண்டு முறை கேட்டால் மென்பொருளில் மானிட்டரிங்கை அணைத்தால் போதும்.

வயதான ஒருவர் தன் வாழ்க்கையை மனம் திறந்து சொல்லும்போது, 'பதிவாகலை, மறுபடி சொல்லுங்க' என்றால் முதல் தடவை வந்த பேச்சு வராது. அதனால் ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, ஹெட்போனில் முழுசாகக் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதன் ரெக்கார்டரையும் ஓடவிடுங்கள்.