காணாமற்போன ஆடு யார்? மூன்றாம் நூற்றாண்டுத் திருச்சபையில் ஒரு வழக்கு

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் உள்ளன: காணாமற்போன ஆடு, காணாமற்போன நாணயம், ஊதாரி மைந்தன். பாவிகளை வரவேற்று அவர்களோடு உணவருந்துகிறார் என்று பரிசேயர் முணுமுணுத்தபோது இயேசு தந்த விடையாக அவை அங்கே அமைந்துள்ளன. இழந்ததைத் தேடிவரும் கடவுளின் அன்பை இவ்வுவமைகள் கூறுகின்றன என்பதில் பண்டைத் திருச்சபையில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அன்பு யாருக்கு உரியது என்பதில்தான் பிணக்கு எழுந்தது. காணாமற்போன ஆடு தொழுவத்தை அறியாத புறமதத்தானா, தொழுவத்திலிருந்து வெளியேறிய கிறிஸ்தவனா?

இக்கேள்வி பிறந்ததற்குத் திருமுழுக்கு பற்றிய புரிதலே காரணம். திருமுழுக்கு முந்தைய பாவங்கள் அனைத்தையும் கழுவிவிடும் என்பது பொது நம்பிக்கை. அதன்பின் ஒருவர் சிலை வழிபாடு, கொலை, விபசாரம் போன்ற பெரும்பாவங்களில் வீழ்ந்தால் என்ன செய்வது? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன், மனந்திரும்புதல் பற்றிய தம் நூலில், இன்னும் ஒரேயொரு வாய்ப்பு உண்டு என்று எழுதினார். கப்பல் உடைந்தவன் பற்றிக்கொள்ளும் பலகையாக மனந்திரும்புதலை அவர் உருவகித்தார். வீழ்ந்த கிறிஸ்தவன் நம்பிக்கை இழக்கலாகாது என்பதற்கு லூக்காவின் மூன்று உவமைகளையும் சான்றாகக் காட்டினார்.

பின்னாளில், கடும் ஒழுக்கத்தை வலியுறுத்திய மொந்தானிய இயக்கத்தின்பால் சாய்ந்தபோது, அதே தெர்த்துல்லியன் அதே உவமைகளை நேர்மாறாக வாசித்தார். விபசாரப் பாவத்தை மன்னிப்பதாக ஓர் ஆயர் அறிவித்ததைக் கண்டித்து, கற்புநெறி பற்றிய நூலை அவர் இயற்றினார். ஆடும் நாணயமும் இளைய மைந்தனும் புறமதத்தாரையே குறிக்கின்றன என்பது அந்நூலின் வாதம். ஊதாரி மைந்தனைக் கிறிஸ்தவன் என்று கொண்டால், திருமுழுக்கில் பெற்ற செல்வத்தை எவரும் அச்சமின்றி வீணாக்குவர் என்று அவர் அஞ்சினார். ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பரின் உருவம் நற்கருணைக் கிண்ணங்களில் தீட்டப்பட்டிருந்ததையும் அவர் இகழ்ந்தார்.

அவ்வுருவம் பொறிக்கப்பட்ட இடமே ஒரு வாசிப்பாக இருந்தது எனலாம். சிரியாவின் துரா யூரோப்போஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டு இல்லத் திருச்சபையில், மேய்ப்பரின் ஓவியம் திருமுழுக்குத் தொட்டியின் மேல் காணப்படுகிறது. தொட்டி புதிதாக நுழைபவருக்கு உரியது. கிண்ணமோ ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் கையில் இருப்பது.

நூல்களில் நடந்த இவ்விவாதம் கி.பி. 250இல் தெருவுக்கு வந்தது. பேரரசர் தெசியுஸ் தம் ஆட்சிக்குட்பட்டோர் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவருக்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். இத்தகைய பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தில் கிடைத்துள்ளன. தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் முன்னிலையில் படையலைச் சுவைத்ததாகவும் விண்ணப்பதாரர் அவற்றில் கூறுகிறார்.

கிறிஸ்தவர் பலர் பணிந்தனர். பலியிட்டவர், தூபமிட்டவர், பலியிடாமலே சான்றிதழை மட்டும் பெற்றவர் என்று திருச்சபை அவர்களை வகைப்படுத்தியது. அனைவருக்கும் பொதுவான இலத்தீன் பெயர் ‘லாப்சி’, அதாவது விழுந்தவர்கள். ஆபத்து தணியத் தொடங்கியதும் அவர்கள் திருச்சபையின் வாசலுக்குத் திரும்பினர்.

அவர்களை ஏற்பதில் நீதி குறித்த மெய்யான சிக்கல் இருந்தது. பணிய மறுத்தவர்கள் சிறையில் வதைபட்டிருந்தனர்; சிலர் இறந்தும் போயினர். விழுந்தவரை உடனே சேர்த்துக்கொண்டால் அத்துன்பத்துக்கு என்ன பொருள்? வியப்பு என்னவெனில், சிறையிலிருந்த அவ்வீரர்களில் சிலரே விழுந்தவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதித் தந்தனர். பெயர் குறிப்பிடாமல் ‘இன்னாரும் அவரைச் சார்ந்தோரும்’ என்ற பாங்கிலும் சில கடிதங்கள் அமைந்தன. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் இதை எதிர்த்தார். வருந்தித் தவம் புரியாமல் மன்னிப்பு இல்லை என்றார். ஆயினும் துன்புறுத்தலின்போது அவரே மறைந்து வாழ்ந்தவர் என்பதால் அவர் குரல் கேள்விக்குள்ளாயிற்று.

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்மன்றம் நடுவழியைத் தேர்ந்தது. சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் ஒவ்வொருவராக ஆராயப்பட்டுச் சேர்க்கப்படலாம். பலியிட்டவர்கள் தவத்தில் நிலைத்திருந்தால் மரணத் தறுவாயில் நற்கருணை பெறலாம். உரோமையிலோ, ஆயர் கொர்னேலியுஸை எதிர்த்து நொவாசியன் தனிச்சபை கண்டார். கடவுள் அவர்களை மன்னிக்கலாம், ஆனால் திருச்சபைக்கு அவ்வதிகாரம் இல்லை என்பது அவர் தரப்பு நிலைப்பாடாயிற்று. சிப்ரியான் ஒரு கடிதத்தில் மேய்ப்பர் உவமையை மீண்டும் எடுத்தாண்டு, விழுந்தவர்கள் இறந்தவர்கள் அல்லர், குற்றுயிராய்க் கிடப்பவர்கள் என்று வாதிட்டார். காணாமற்போன ஆடு இவ்வாறு கிறிஸ்தவனாகவே மீண்டும் வாசிக்கப்பட்டது.

ஓரிரு ஆண்டுகளில் புதிய துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றியது. அப்போது கார்த்தேஜ் ஆயர்கள், தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும், பலியிட்டவர் உட்பட, சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தனர். கிறிஸ்துவின் இரத்தத்தை மறுத்துவிட்டு, அவருக்காக இரத்தம் சிந்துமாறு ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்பது அவர்கள் தந்த காரணம். மன்னிப்பு இங்கே கடந்ததற்கான பரிசு அன்று. வருவதைத் தாங்குவதற்கான உணவு. சிப்ரியானும் 258 செப்டம்பர் 14இல் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக இறந்தார்.

நொவாசியனைப் பின்பற்றியோர் தம்மைத் ‘தூயோர்’ என்று அழைத்துக்கொண்டு பல தலைமுறை நிலைத்தனர். அவர்களின் ஆயர் ஒருவரிடம், ஏணி ஒன்றை வைத்து வானகத்துக்குத் தனியே ஏறிக்கொள்ளுமாறு பேரரசர் கான்ஸ்டன்டைன் கூறியதாக வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் பதிவு செய்கிறார். 325இல் நீசேயா பொதுச்சங்கம் அவர்களின் குருக்கள் திரும்பிவரத் தன் எட்டாம் விதியில் வழி வகுத்தது. அதில் இட்ட நிபந்தனைகளுள் ஒன்று, துன்புறுத்தலில் விழுந்தவர்களோடு அவர்கள் நற்கருணையில் பங்குகொள்ள வேண்டும் என்பது. பாவிகளோடு உணவருந்துகிறார் என்ற பழைய முணுமுணுப்புக்குத் திருச்சபை சட்டமொழியில் தந்த விடையாக அதைக் கொள்ளலாம். லூக்காவின் உவமையில் விருந்துக்கு வெளியே நிற்கும் மூத்த மகன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. நீசேயா வாசலைத் திறந்துவைத்தது மூத்த மகனுக்காகத்தான்.