ஹார்விபுரமும் மனோன்மணீயமும்

வித்துராவினின்று நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் நேயர்கள், நகரை அடையுமுன் பேரூர்க்கடையைக் கடப்பர். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை (1855–1897) வாழ்ந்த இல்லம் அவ்வூரிலேதான் இருந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ஹார்விபுரம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், ஆங்கில வழியே நடந்த கல்வியில், தமக்குத் தத்துவம் புகட்டிய ராபர்ட் ஹார்வி என்னும் மேனாட்டாசிரியரின் பெயரே அது. 1891-இல் வெளிவந்த தம் நாடகத்தையும் அவருக்கே உரிமையாக்கினார்.

நாடகத்தின் கதைக்கரு, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதி 1866-இல் வெளிவந்த ‘இரகசிய வழி’ என்னும் கதைப்பாடலினின்று பெறப்பட்டது. கனவிற் கண்டவனைக் காதலிக்கும் அரசகுமாரியும், யாரும் அறியாச் சுரங்கமும் அங்கிருந்து வந்தவை. ஆனால் மூலத்துச் சித்திய மன்னன் இங்கே பாண்டியன் சீவகன். காதலனோ சேரன் புருடோத்தமன். அங்கம், களம் என்னும் பகுப்பு ஷேக்ஸ்பியர் வழியது. யாப்போ நம் பழைய அகவல். உள்ளுறையாகச் சைவ சித்தாந்தம் ஓடுகிறது.

இதனை வெறுந்தழுவல் என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். அயலார் உள்ளத்தை அறிய விரும்புவோன், அவர் கதையை நம்மூர்த் தெருவில் ஒருமுறை நடத்திப் பார்த்தல் வேண்டும். கதைச்சுருக்கத்தை நெட்டுருச் செய்து தேர்வெழுதும் மாணவனுக்கு, அந்தோ, அது வாய்ப்பதில்லை! தாம் கற்றதைச் சுந்தரம் பிள்ளை தம் மொழியில் வைத்துச் சோதித்தார். அச்சோதனையில் ஆசிரியர்பால் நன்றியும் வளர்ந்தது, தமிழ்பால் பற்றும் வளர்ந்தது.

அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியை 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடுகின்றனர். லிட்டனின் பாட்டையோ அவர் நாட்டாரே இன்று அதிகம் படிப்பதில்லை.