பார்வையற்றோருக்கு ஒரு வழித்துணை

இஸ்லாமிய மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களிலிருந்தே தொடங்குகின்றனர். திமிஷ்கின் நூரீ பீமாரிஸ்தானையும், 1284-இல் கெய்ரோவில் எழுந்த மன்ஸூரீ பீமாரிஸ்தானையும் வியந்து பேசுகின்றனர். அவற்றின் வாயில்வரை ஒரு பார்வையற்றவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்று கேட்போர் குறைவு.

அக்கேள்விக்கு விடை தேடினால் உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கிடம் (ஆட்சி: 705–715) வந்து சேர்கிறோம். அரபி பேசுகையில் இலக்கணப் பிழை விடுபவர் என்று பெயரெடுத்தவர் அவர். இலக்கணம் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால், தொழுநோயாளிகள் பிறரிடம் கையேந்தாதிருக்க மானியம் அளித்ததோடு, முடவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அவர் நியமித்தார் என்று தபரீ பதிந்துள்ளார். ஹிஜ்ரி 88-இல் வலீத் அமைத்ததாகக் கூறப்படுவது முழுமையான மருத்துவமனைதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பார்வையில், அந்தக் கட்டடத்தைவிட அந்த வழிகாட்டியே பெரிய செய்தி.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அப்பாஸிய அமைச்சர் அலீ இப்னு ஈஸா இன்னோர் அடி முன்னே வைத்தார். மருத்துவர் இல்லாத சவாதுப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்துகளுடன் மருத்துவர்களை அனுப்புமாறு தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதினார். அவர்கள் சென்ற ஸூரா பகுதியில் யூதர்களே மிகுதி. அவர்களுக்கும் சிகிச்சை அளிக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, அளிக்கலாம் என்றே பதில் வந்தது. ஆயினும் முஸ்லிம்களுக்கு முன்னுரிமை என்ற வரிசையை அப்பதில் கைவிடவில்லை என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

இனி அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தை எண்ணிப் பார்ப்போம். நடக்க இயலாத ஒருவர் அங்கிருந்து மாவட்டத் தலைநகராகிய திருப்பூரின் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதாயின், உடுமலை வந்து பேருந்து மாறவேண்டும். உயர்ந்த படிகளில் அவரை ஒருவர் தூக்கி ஏற்றவேண்டும். துணைக்கு வருபவர் பனியன் தொழிலாளியாகவோ தோட்ட வேலை செய்பவராகவோ இருப்பின் அன்றைய கூலி போயிற்று. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்; துணை இலவசமன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற அணுகல், சிகிச்சையில் முன்னுரிமை, கிராமப்புறங்களில் அருகிலேயே மருத்துவம் ஆகியவற்றைப் பேசுகிறது. 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் உதவித்தொகையும் சுட்டப்படுகிறது. ஆனால் மருத்துவமனை செல்லும் நாளுக்கென ஒரு வழித்துணை இவ்விரு பிரிவுகளிலும் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஸினானின் மருத்துவர்கள் நடந்த திசை அது. எனினும் அறுவைச் சிகிச்சைக்கூடம் வீட்டுக்கு வருவதில்லை. அதற்கு இன்றும் உடுமலைப் பேருந்தில்தான் ஏறவேண்டியிருக்கிறது. வலீத் நியமித்த அந்த ஆளை நம் மக்கள் தத்தம் வீட்டிலேயே தேடிக்கொள்கின்றனர்.